சுமையின் இடம்

1979இல், நாகூரில் இருந்த மாமி வீட்டுக்குத் தஞ்சையிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டோம். ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அரிசி, பாத்திரம், போர்வை யாவற்றையும் பின் கேரியரில் கோபுரமாய்க் கட்டியிருந்தோம். முன்சக்கரம் இலேசாகிப் போனதை, பாலத்து இறக்கத்தில் கைப்பிடி நடுங்கிய பிறகே உணர்ந்தோம். விழுந்த இடத்துக்கு ஒரு முழத் தொலைவில் பேருந்து கடந்தது. இறைவன் காத்தான்!

சைக்கிள் கடைப் பெரியவர் எதையும் குறைக்கச் சொல்லவில்லை. "இடத்தை மாத்துங்க தம்பி" என்றார். அரிசியை இரண்டு பைகளாக்கிப் பின்சக்கரத்தின் இருபுறமும், அச்சுக்கு அருகே தாழ்வாக, சமமாய்த் தொங்கவிட்டார். பாத்திரங்களில் பாதி முன்பக்கம் போயிற்று. போர்வை மட்டும் மேலே. கயிற்று நுனி ஆரக்கம்பிகளில் சிக்காதபடி முடிந்தார். கூலியோ, வாங்கவே மறுத்துவிட்டார்.

நாகூர் மினாரா தென்பட்டபோது, ஒரு கையை எடுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டோம்.