அப்பா சாப்பிடாத பறவை

அப்பா பறவைகளை ருசியை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். "அது சிறவி. கொழுப்பு ஜாஸ்தி. இந்தா ஓடுது பாரு, உள்ளான். ஒரு வாய்க்குக் காணாது." நான் தொலைநோக்கியும் கையுமாக நின்று, போனில் பெயர் தேடிக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரியில் ஒரு காலை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிவருவது என்று கிளம்பியிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து 38 கிலோமீட்டர். எங்கள் சொந்த ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். ஆனாலும் 50 வருஷத்துக்கு மேலாக அப்பா இந்த ஊருக்குள் கால் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால், "கொக்குப் பீ நாத்தம் தாங்காது" என்பார். இந்தத் தடவை அவராகவே கூப்பிட்டார். அடுத்த மாதம் மூட்டு ஆபரேஷன். "அதுக்கு முன்னால ஒரு தடவ சுத்தி வந்துருவோம்ட்டி."

கரையில் ஏறியதும் குளம் விரிந்தது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக இங்கே வருகிறது. மேற்கே மலையில் பெய்த மழைதான் இங்கே கூழைக்கடாவுக்கு மீனாகிறது. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத் தட்டித்தான் பேசும். காது கொடுத்தால் யாரோ மரக்கட்டையைத் தட்டுகிற மாதிரி இருந்தது. தூரத்தில் வரித்தலை வாத்துகள். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருகிறவை. அப்பாவிடம் சொன்னேன். "அவ்வளவு தூரமா?" என்றார். ருசி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மடை, மறுகால், வயல் வரப்பு, உடைமரக் காடு என்று நடந்து ஊருக்குள் நுழைந்தோம். 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 129.33 ஹெக்டேர். ஆனால் பறவைகளுக்கு அந்த எல்லை தெரியாது. வீட்டுப் புறவாசல் வேம்பிலும் புளியமரத்திலும் கூடு கட்டுகின்றன. பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் குளத்தில் கரைந்து, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து உரமாகிறது. நாத்தத்துக்கு நெல் கிடைக்கிற கணக்கு.

ஒரு வேப்பமரத்தடியில் அப்பா நின்றுவிட்டார். நான் முழங்கால் வலியாக்கும் என்று நினைத்தேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுல எத்தன கூடும்மா?"

"பன்னண்டு இருக்கு அண்ணாச்சி. துணி காயப்போட முடியல."

"கிளைய வெட்டிர வேண்டியதுதான?"

அந்தப் பெண் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், அது ஒங்கள என்ன செஞ்சிச்சு?"

அப்பா செம்பைக் கொடுத்துவிட்டு நடந்தார். தெரு முக்கு தாண்டியதும்தான் வாய் திறந்தார்.

"பன்னண்டு வயசுட்டி அப்ப. கவட்டையோட வந்தேன். ஒரே கல்லு. மடையான் ஒண்ணு ஒரு வீட்டு முத்தத்துல விழுந்துச்சு. அந்த வீட்டு ஆச்சி என் காதப் பிடிச்சுத் திருகிட்டா. அடிப்பாளோன்னு பாத்தேன், அடிக்கல. மரத்துல ஏறிப் பாருல்லேன்னா. ஏறுனேன். கூட்டுல ரெண்டு குஞ்சு, வாயத் தொறந்துக்கிட்டு. 'இதுக்கு இனும யாரு எர குடுப்பா? நீதான் குடுக்கணும்'னா."

"குடுத்தீங்களா?"

"ஏழு நாளு. பள்ளிக்கூடம் விட்டதும் வாய்க்கால்ல மீனப் பிடிச்சு, டப்பால போட்டுச் சைக்கிள்ல வருவேன். அஞ்சாம் நாளு ஒண்ணு செத்துப்போச்சு."

"இன்னொண்ணு?"

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். "தெரியாதுட்டி. எட்டாம் நாளு நான் வரல. அதுவும் செத்துக் கெடந்தா என்ன செய்யன்னு பயம். அந்த ஆச்சி ரெண்டு நாளு தெருவப் பாத்திருப்பா."

"அந்த வேம்புதானா?"

"இல்ல. அது பூவரசு. இப்பக் காணும். வீடும் காணும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது பொழைச்சிருக்கும்ப்பா என்று சொல்ல வாய் வந்தது. எனக்கெப்படித் தெரியும்? கூட்டிலிருந்து விழுகிற குஞ்சுகளை எடுத்து வளர்த்துப் பறக்கவிடுவது இந்த ஊரில் உண்டு என்று மட்டும் சொன்னேன். "அந்த ஆச்சியே பாத்திருப்பா." அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா, எனக்காக ஆட்டினாரா, தெரியாது.

கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மடை ஓரத்தில் ஒரு மடையான். சேற்று நிறத்தில் சேற்றோடு சேற்றாக உட்கார்ந்திருந்ததால் நான் கவனிக்கவே இல்லை. அப்பாதான் விரலை நீட்டினார். நாங்கள் ஒரு எட்டு வைத்ததும் அது எழுந்தது. சிறகு விரிந்ததும் முழு வெள்ளை.

"இதோட ருசி மட்டும் எனக்குத் தெரியாதுட்டி" என்றார் அப்பா.

மூலைக்கரைப்பட்டி பஸ் வருகிற சத்தம் கேட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.