ஆபீஸுக்குப் போகிற ஊர்

என் தமக்கை மகன் ஆபீஸை விட்டுவிட்டான். சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில், கண்ணாடியாலேயே எழுப்பினது போன்ற ஒரு கட்டிடத்தில் அவனுக்கு உத்தியோகம். நல்ல சம்பளம், குளிர்சாதன அறை, மத்தியானம் இலவசச் சாப்பாடு. இத்தனையும் இருக்க, ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வந்துவிட்டான். அக்கா போனில் அழுதாள். நான் அவனைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "வேலையை விடல மாமா, ஆபீஸைத்தான் விட்டேன்" என்றான்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அவன் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கிறான். வேலை முழுவதும் ஒரு லாப்டாப்புக்குள் அடங்கிவிடுகிறது. இன்டர்நெட் எட்டுகிற இடமெல்லாம் அவனுக்கு ஆபீஸ்தான். மாதத்துக்கு ஓர் ஊர் என்று கோவா, கூர்க், பாண்டிச்சேரியெல்லாம் பார்த்தாகிவிட்டதாம். "உங்க கரிசல் காட்டையும் காட்டுங்க மாமா" என்று, ஆவணி மாதத்து வெயிலில் விருதுநகர் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். தோளில் ஒரு பை. அவ்வளவுதான் அவன் சொத்து சுதந்திரமெல்லாம்.

இதை ஏதோ நேற்றுப் பிறந்த பைத்தியக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஆள் வேலையைத் தேடிப் போவதற்குப் பதில் வேலை ஆளைத் தேடிக் கம்பி வழியே வரட்டுமே என்று, ஜாக் நில்லஸ் என்ற அமெரிக்கர் 1973-லேயே யோசித்து அதற்கு ஒரு பெயரும் சூட்டிவிட்டார். 1997-ல் மகிமோட்டோ என்ற ஜப்பானியரும் டேவிட் மானர்ஸ் என்பவரும் சேர்ந்து, நாடோடியாகத் திரிந்துகொண்டே உத்தியோகம் பார்க்கும் காலத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார்கள். 2020-ல் கொரோனா வந்து, விரும்பியவர் விரும்பாதவர் எல்லாரையும் வீட்டிலேயே உட்கார்த்தி வைத்தது. அதற்குப் பிறகு சிலருக்கு ஆபீஸ் நாற்காலி கசந்து போனதில் ஆச்சரியமில்லை.

விருதுநகரில் முதலில் அவனைக் கடைவீதிக்கு அழைத்துப் போனேன். 1923 வரை இந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். பருப்பு, மிளகாய், மல்லி, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இவற்றுக்கெல்லாம் விலை சொல்லுகிற ஊர் இது. விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் வெளியூர் வியாபாரி கடை திறப்பான் என்று சொல்லுவார்கள். வேடிக்கை என்னவென்றால், விலை சொல்லும் சரக்கில் பெரும்பகுதி இந்த ஊருக்குள் விளைவதில்லை.

தெரிந்த மண்டிக்கடை அண்ணாச்சி ஒருவர் எங்களை உட்கார வைத்துச் சர்பத் வரவழைத்தார். மருமகன் தன் பிழைப்பை அவருக்கு விளக்கினான். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இதுல என்ன தம்பி புதுசு? உளுந்து பர்மாவுல இருக்கும். கப்பல் தூத்துக்குடிக்கு வரும். வாங்குற ஆளு கேரளாவுல இருப்பாரு. நான் இங்கன திண்டுல சாஞ்சுக்கிட்டுப் போன்ல பேசுவேன். எங்கப்பா காலத்துல தந்தி, அப்புறம் டிரங்க் கால். உங்கள்ட்ட அந்தப் பெட்டி இருக்கு, அவ்வளவுதானே?"

பையன் வாயடைத்துப் போனான். நான் சர்பத்தைக் குடித்து முடித்தேன்.

ஊரை விட்டுக் கிளம்புவதும் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் 1896-ல் மதுரைப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறி, ரமண மகரிஷி ஆனார். காமராஜர் சிறு வயதில் மாமாவின் துணிக்கடையில் நின்றவர். அரசியல் கூட்டங்களுக்குப் போகிறான் என்று, திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அவரை அனுப்பி வைத்தார்கள். அங்கேயும் கடை அவரைப் பிடித்து வைக்கவில்லை. என் மருமகனை இவர்களோடு சேர்த்துப் பேசுவதாக யாரும் எண்ண வேண்டாம். அவன் கிளம்பியதற்கு முக்கியக் காரணம் சென்னைப் போக்குவரத்து நெரிசல்.

அன்று ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டோம். மருமகன் லாட்ஜ் அறையில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தான். அவன் எஜமானர்களுக்கு அப்போதுதான் பொழுது விடிகிறது. நான் தூங்கி விழித்தபோது மணி இரண்டு. அவன் யாருடனோ இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

மறுநாள் தென்காசி ரயில் பாதையில் பயணம். திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று போகும் பாதை. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம் இருக்கிறது. ஸோஹோ கம்பெனியை ஆரம்பித்த ஸ்ரீதர் வேம்பு, அமெரிக்காவை விட்டு 2019-ல் அங்கே வந்து குடியேறினார். அதற்கு முன்பே, 2011-ல், அவருடைய கம்பெனி தென்காசிப் பக்கத்தில் அலுவலகம் திறந்துவிட்டது. வயல் வரப்பின் பக்கத்திலிருந்தே உலகத்துக்குச் சாப்ட்வேர் விற்கலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். மருமகனுக்கு அங்கே போகத்தான் ஆசை. நான் அவனைச் சிவகாசியில் இறக்கிவிட்டேன்.

சிவகாசியை 'குட்டி ஜப்பான்' என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். மழை குறைந்த வறண்ட பூமி. விவசாயத்தை நம்பி உட்கார முடியாது. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. இரண்டுக்கும் ஒட்ட லேபிள் வேண்டுமே என்று அச்சுத்தொழில் வளர்ந்தது. மழைக்கு ஆகாத வறட்சி, மருந்து காய்வதற்கும் காகிதம் காய்வதற்கும் சௌகரியமாயிற்று. ஆடிப்பெருக்கன்று இங்கே அடுத்த வருஷக் காலண்டருக்கான ஆல்பம் வெளியிடுவார்கள். நமக்கு இந்த வருஷமே பாதிதான் முடிந்திருக்கும்!

காலண்டர் என்றதும் கொண்டையராஜுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஊர் ஊராகத் திரிந்தார், ரமணாசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனியோடு சேர்ந்து திரைச்சீலை எழுதிக்கொண்டு சுற்றினார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்து போயிற்று. ராஜு அங்கேயே தங்கிவிட்டார். லட்சுமியும் முருகனும் மீனாட்சியும் கோவில்பட்டியில் அவர் தூரிகையில் உருவாகி, சிவகாசி அச்சகத்தில் லட்சக்கணக்கில் பெருகி, இந்தியாவெங்கும் வீட்டுச் சுவர்களில் போய் உட்கார்ந்தார்கள். 1976-ல் மறையும் வரை அவருக்குக் கோவில்பட்டிதான். சிஷ்யர்களும் அந்தப் பாணியிலேயே வரைந்தார்கள். ஆபீஸும் இல்லை, பஞ்ச் கார்டும் இல்லை. இருந்த இடத்திலிருந்து வேலை. மருமகன் இந்தக் கதையைக் கேட்டு, "அவர்தான் மாமா எங்க குலகுரு" என்றான்.

இனி, நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன்.

வெம்பக்கோட்டைச் சாலையில் காலை ஏழு மணிக்குப் போனோம். ஊர் ஊராக மரத்தடிகளில் பெண்கள் வேனுக்குக் காத்திருந்தார்கள். கையில் தூக்குவாளி, தலையில் பூ. ஒரு கிராமத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம், "எங்கே அக்கா வேலைக்கா?" என்று மருமகன் பேச்சுக் கொடுத்தான்.

"ஆபீஸுக்குத்தான்" என்றாள் அவள்.

அவன் விழித்தான். இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்று பெயர்; பட்டாசு ஆலைக்குப் பயராபீஸ். இந்த வட்டாரத்துக்கு வெளியே தொழிற்சாலையை ஆபீஸ் என்று அழைத்து நான் கேட்டதில்லை.

"நீ என்ன வேலைப்பா பாக்குற?"

"நானும் ஆபீஸ் வேலைதான் அக்கா. ஆனா ஆபீஸுக்குப் போகறதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துடுவேன்."

அவள் முகம் மாறிவிட்டது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் அருகில் வந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டுல வச்சுப் பாக்காதப்பா. காசு ரெண்டு கூடக் கிடைக்குதுன்னு பாக்காத. எங்க தெருவுல ஒரு வீடு இருந்துச்சு. இப்பம் இல்ல."

அவனுக்குப் புரியச் சில விநாடிகள் ஆயின. "ஐயோ அக்கா, என் வேலை கம்ப்யூட்டர்ல" என்றான். அவள் சிரித்தாள். ஆனாலும் உடனே சிரித்துவிடவில்லை.

பட்டாசு வேலையை ஏன் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது என்பதற்கு அந்த ஆபீஸ்களின் அமைப்பே சாட்சி. நாகபுரியில் தலைமையிடம் உள்ள வெடிபொருள் துறையின் உரிமம் வேண்டும். பெரிய கட்டிடம் கிடையாது. பொட்டலில் வேப்பமரங்களுக்கிடையே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள். மருந்து புழங்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கலாகாது. எழுந்து ஓடுவதற்கு வசதியாக வாசல்கள் திறந்தே இருக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. இரும்புச் சாமான் உதவாது. நைலான் சேலை ஆகாது. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். வெளிச்சம் உள்ள வரையில்தான் வேலை. ஒரு அறை போனாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

அந்த ஏற்பாடு குலைகிற இடத்தில்தான் சாவு. உரிமம் வாங்கினவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டுவிடுவார். குத்தகைக்காரர் நாலு பேர் இருக்கும் இடத்தில் எட்டுப் பேரை உட்கார்த்துவார். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் 35 பேருக்கு மேல் மாண்டார்கள்; முதல் வெடியைக் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிப் போனவர்கள் அவர்களில் பலர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சன்குளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இதைவிடக் கொடிது வீட்டில் நடப்பது. தகரக் கொட்டகையில், அடுப்புக்குப் பத்தடி தூரத்தில், குழந்தை தூங்குகிற திண்ணையில் திரி வைப்பார்கள். ஏன் செய்கிறார்கள் என்று கேட்பது சுலபம். கூலி எண்ணிக்கைக் கணக்கு. தீபாவளிக்கு முன் கிராக்கி. 2018-ல் சுப்ரீம் கோர்ட் பசுமைப் பட்டாசுதான் கூடும், பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. காற்றின் நன்மைக்குச் சொன்ன தீர்ப்புத்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆலையில் வேலை நாள் குறைந்தால் அடுப்பு எரிய வேறு வழி என்ன என்று அந்தக் கிராமங்களில் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதிலில்லை.

வீட்டு வேலையில் இன்னொரு வினையும் உண்டு. முன் காலத்தில் தீப்பெட்டியின் அடிப்பெட்டி, மேல்பெட்டியெல்லாம் வீடுகளில்தான் ஒட்டுவார்கள். ஆபத்தில்லாத வேலை, உட்கார்ந்த இடத்தில் நாலு காசு. ஆனால் தாய் ஒட்டினால் பக்கத்தில் பிள்ளையும் ஒட்டும். பள்ளிக்கூட மணி அடித்தாலும் ஒட்டும். 1986-ல் சட்டம் வந்தது. 1996-ல் சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்தே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் வந்தது. வாசல் வரைக்கும் வருகிற வேலை எல்லார் கையையும் பிடித்து இழுக்கும் என்பதை மருமகனிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கூடப் பெட்டியை மூடாதவன் அவன். பதில் பேசவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும், தமிழ்நாடு அரசு முத்திரையில் நிற்பதாகச் சொல்லப்படும் கோபுரத்தையும் முடித்துக்கொண்டு சாயங்காலம் அந்த வழியே திரும்பினோம். வேன்கள் பொழுது சாயுமுன் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. காலையில் பார்த்த அம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். கழுவியும் போகாத அலுமினியப் பவுடர் முழங்கை வரை வெள்ளியாக மின்னியது.

"எங்களுக்கு முடிஞ்சிருச்சு. உனக்கு எப்பம்ப்பா முடியும்?"

"இனிமேதான் ஆரம்பம் அக்கா. ராத்திரி ரெண்டு மணி ஆகும்."

"அதுவரைக்கும் லைட்டு எரியுமா?"

"எரியும்."

"சரி, சரி. ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவுக்குள் போனாள்.