குத்தூசியும் எழுத்தும்

இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என வேலூரைச் சூழ்ந்த ஊர்களில் தோல் பதனிடுவோரும் காலணி தைப்போரும் பல்லாயிரவர். அவர்தம் கைக்கருவிகளுள் ஒன்று குத்தூசி. மரப்பிடியில் செருகிய கூரிய இரும்புமுனை அது. தடித்த தோலில் அது முதலில் துளையிட்டாலன்றித் தையலூசி உட்செல்லாது. இவ்வெளிய கருவிக்கும் பள்ளி நூலகத்திற்கும் தொடர்பு உண்டு என்றால் வியப்பாகத் தோன்றும்.

பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி ஒருவர் வாழ்ந்தார். அவர் மகன் லூயி பிரெயில் 1809ஆம் ஆண்டு பிறந்தான். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் தோலைத் துளைத்து விளையாடப் புகுந்த சிறுவனின் கண்ணில் கூரிய கருவி பாய்ந்தது. அது குத்தூசி என்பர். அப்புண்ணின் நோய் மற்றைக் கண்ணையும் பற்ற, ஐந்தாம் வயதில் இரு கண்களும் ஒளியிழந்தன.

1819இல் அவன் பாரிசு நகரத்துப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். அங்கே நூல்கள் இருந்தன. பார்வையுடையார் படிக்கும் எழுத்துகளையே தாளில் புடைத்து நிற்குமாறு அழுத்திச் செய்தவை அவை. ஓரெழுத்தின் வளைவுகளை விரலால் தடவி அறிவதற்குள் முன்னெழுத்து மறந்துபோகும். ஏடுகள் பெரியவை, சுமை மிக்கவை, எண்ணிக்கையிலோ சில. அவ்வெழுத்தைப் படிக்கலாமேயன்றி, மாணவன் தன் கையால் எழுதவும் இயலாது. அவற்றைச் செய்தோர் இரக்கமுடையோரே. ஆயினும் தம் கண்ணுக்குப் பழகிய எழுத்தையே பிறர் விரலுக்கும் வகுத்தனர்.

சார்ல் பார்பியே என்னும் படைத்துறையினர், 12 புள்ளிகளால் ஒலிகளைக் குறிக்கும் முறையொன்றை 1821இல் அப்பள்ளிக்கு அறிவித்தார். அதனைக் கற்ற லூயி, அத்தனை புள்ளிகள் ஒரு விரல்நுனியில் அடங்காமை கண்டான். 1824இல், தன் 15ஆம் வயதில், அவற்றை இரு வரிசையில் மும்மூன்றாக 6 புள்ளிகளாகச் சுருக்கினான். அவற்றைக் கூட்டியும் குறைத்தும் 63 வடிவங்கள் அமைக்கலாம். எழுதும் கருவியோ கூர்முனை ஊசிதான்! தாளின் பின்புறத்தே வலமிருந்து இடமாகக் குத்திச் சென்று, தாளைப் புரட்டி, இடமிருந்து வலமாகத் தடவிப் படித்தல் வேண்டும். கண்ணைக் கெடுத்த கருவியின் இனமே எழுத்தையும் தந்தது. இதனை ஊழ் என்பாரும் உளர். சிறுவனின் விடாமுயற்சி என்பதே பொருந்தும்.

மாணவர் அதனை விரும்பிக் கற்றனர். தனியெழுத்து வந்தால் பார்வையற்றோர் பிறரினின்று பிரிந்துபோவர் எனப் பெரியோர் சிலர் அஞ்சினர். அப்பள்ளி அதனை முறையாக ஏற்றது 1854இல். லூயி மறைந்து ஈராண்டு கழிந்திருந்தது.

இந்திய மொழிகட்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் அமைந்தது. அதில் தமிழ் அகரத்திற்கு ஒரே ஒரு புள்ளி. அச்சில் ‘கொ’ என்பதை நோக்குக: ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்கின்றன. பிரெயிலிலோ ககரம் முன்னும் ஒகரம் பின்னும் வரும். வாய் ஒலிக்கும் முறையே விரலும் செல்லும். இலக்கணம் கற்றார்க்கு இது மகிழ்ச்சி தருவது.

இனி, ஆம்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் நூலகத்திற்குப் பார்வையற்ற மாணவி ஒருத்தி வருவதாகக் கொள்க. தோழி படித்துக்காட்டக் கேட்பது நன்றே. ஆனால் தோழிக்கு வேறு பணி நேர்ந்தால் கதை நடுவில் நிற்கும். மறுமுறை கேட்க நாணமும் தடுக்கும். ஒலிநூல் பெருந்துணை, எனினும் ஒரு சொல்லில் வருவது நகரமா னகரமா என்பதைச் செவி உறுதி செய்யாது. விரல் உறுதி செய்யும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இத்தகைய மாணவர்க்கு 18 வயதுவரை நூல்களைக் கட்டணமின்றித் தரப் பணிக்கிறது.

நடக்க இயலாதார்க்கு நூலகத்தின் வாயிற்படியே முதல் தடை. வேலூர் மருத்துவர் மேரி வர்கீசு 1954இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அத்தகையாரையும் ஒற்றைப் படி நிறுத்திவிடும். ஒரு சாண் உயரத்திற்குப் பன்னிரு சாண் நீளம் என்னும் அளவில் சாய்தளம் அமைத்தால் நாற்காலி எளிதில் ஏறும்.

உள்ளே, பிரெயில் நூலுக்கு இடம் மிகுதியாக வேண்டும். அச்சில் ஒரு நூலாக இருப்பது அதில் பல தொகுதிகளாய் விரியும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல் ஆகாது. நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். மேலுள்ள சுமை அழுத்தினால் புள்ளிகள் தட்டையாகி, விரலுக்குப் புலப்படாமல் போகும்.