ஆளுக்கேற்ற படகு

மிதியடி வாங்கச் செல்பவன் தன் பாதத்தின் அளவை அறிந்தே கடைக்குள் நுழைகிறான். சட்டை தைக்கக் கொடுப்பவன் மார்பளவைக் கூச்சமின்றிச் சொல்கிறான். ஆனால் படகில் ஏற வேண்டியவன் மட்டும் தன் எடையைச் சொல்லத் தயங்குகிறான். உடல் பருத்தவர்களின் உள்ளத்தில் உறங்கும் இந்தத் தயக்கம் எத்துணை ஆபத்தானது என்பதை அண்மையில்தான் நேரில் கண்டுணர்ந்தேன். படகைப் பற்றிப் பங்குக் குருவுக்கு என்ன கவலை என்று வாசகர்கள் வியக்கலாம். மீன்பிடி படகின்மேல் அமர்ந்து போதித்த ஆண்டவரின் பணியாளனுக்குப் படகு முற்றிலும் அந்நியமான பொருளன்று.

இத்தலார் பகுதியில் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுங்காலம் டீமேக்கராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் இருக்கிறார். நெடிய உருவம், 118 கிலோ எடை. இளமையில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அங்கே தந்தையோடு குளக்கரையில் தூண்டில் போட்ட நாள்களே அவர் குழந்தைப் பருவத்தின் பொன்னாள்கள். ஓய்வு பெற்றபின், சமவெளியில் மகள் வாழ்க்கைப்பட்ட ஊரின் ஏரியில் பேரனோடு படகில் அமர்ந்து மீன் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய எளிய ஆசை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உல்லாசப் படகுத் துறையில், அவர் கால் வைத்ததும் படகு சாய்ந்தது. சுற்றி நின்றோர் சிரித்தனர். “ஐயா இறங்கிவிடட்டும், மற்றவர்கள் போகட்டும்” என்றார் அங்கிருந்த ஒருவர். பேரன் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று முதல் அவர் நீர்நிலைப் பக்கமே செல்லவில்லை.

“ஃபாதர், பாரம் தாங்குகிற படகு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். எடையை மட்டும் கடைக்காரரிடம் நான் சொல்ல மாட்டேன்” என்று அவர் கேட்டபோது, எனக்குப் புனித தோமா அக்குவினாரின் நினைவு வந்தது. பருத்த உடலும் மௌனமும் கொண்ட அந்த இளைஞரை உடன் பயின்றோர் ‘ஊமை எருது’ என்று கேலி செய்தார்களாம். இந்த எருதின் குரலை உலகமே கேட்கும் என்று ஆசிரியரான பெரிய ஆல்பர்ட் மறுமொழி கூறியதாக வரலாறு சொல்கிறது. திருச்சபையின் மாபெரும் இறையியலாரையே உடலைக் கொண்டு அளந்த உலகம் இது. நம் பங்கு விழா நாடகங்களிலும் பருத்தவருக்கு நகைச்சுவைப் பாத்திரத்தைத் தவிர வேறு பாத்திரம் கிடைப்பதுண்டா?

ஆகவே, முதலில் அவருக்கு ஒன்றை விளக்கினேன். படகு சாய்வது ஏறுபவனின் குற்றமன்று. அப்படகின் வடிவம் அவனுக்குப் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. பாரம் தாங்குவது வேறு, சாயாமல் நிற்பது வேறு. முன்னது படகின் கொள்ளளவைப் பொறுத்தது. பின்னது பெரும்பாலும் அகலத்தைப் பொறுத்தது. நீளம் மாறாமல் அகலம் இருமடங்கானால், சாய்வை எதிர்க்கும் ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். நீண்டு குறுகிய படகு விரைந்து செல்லும். ஆனால் பருத்தவர் ஒருவர் மீனை இழுக்க ஒருபுறம் குனிந்தால் அது பொறுக்காது.

பின்னர் இருவரும் படகு வகைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். தமிழர் உலகுக்கு அளித்த கட்டுமரம் முதலில் நினைவுக்கு வந்தது. ஆங்கிலேயர் தம் மொழியில் இன்றும் வழங்கும் ‘கேட்டமரன்’ என்னும் சொல் நம் சொல்லிலிருந்து பிறந்ததே. மரமே மிதப்பதால் அது மூழ்காது. கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே கரைக்குச் சுமந்து செல்லலாம். ஆயினும் அதன்மேல் ஈரத்தில் நின்றும் மண்டியிட்டும் சமநிலை காப்பது, அலையோடு பிறந்து வளர்ந்த கடற்கரை மக்களுக்கே கைவந்த கலை. அறுபதை எட்டியவர் புதிதாகக் கற்பதற்குரியதன்று.

அடுத்தது, காற்றடைத்து மிதக்கவிடும் ரப்பர் படகு. இருபுறமும் பருத்த குழாய்கள் இருப்பதால் எளிதில் சாயாது. மடித்தால் ஒரு மூட்டை. சுமந்து செல்ல இதைவிட எளிதானது வேறில்லை. ஆனால் நீச்சல் குளத்தில் சிறுவர் விளையாடும் மெல்லிய படகை மீன்பிடிக்க வாங்கிவிடலாகாது. தடித்த துணியின்மேல் பூச்சிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் காற்றறைகளோடு அமைந்ததே தகும். ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். நம் ஏரிக்கரைகளில் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. தூண்டில் முள்ளோ கையிலேயே இருக்கிறது. அலுமினியத்தாலும் ஃபைபராலும் செய்த தட்டையடிப் படகு உறுதியானது. எனினும் அதை நீருக்குக் கொண்டுசெல்ல நால்வரும் ஒரு வண்டியும் வேண்டும்.

எஞ்சியது நம் பரிசல். விஜயநகரப் பேரரசைக் கண்டு எழுதிய போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், 1520 வாக்கில் ஆனெகுந்திப் பக்கத்தில் மக்கள் ஆற்றைக் கடந்த வட்டமான, கூடை போன்ற படகுகளைக் குறித்து வைத்திருக்கிறார். பிரம்பால் பின்னி வெளியே தோல் போர்த்திய அவற்றில் குதிரைகளும் எருதுகளும்கூட ஏற்றப்பட்டனவாம். பிரிட்டனின் வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும், ஈராக்கின் டைகிரிஸ் நதியிலும், வியட்நாம் கடற்கரையிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. மூங்கிலைப் பிளந்து பின்னித் தோல் போர்த்திய காலம் போய், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் பூசிய பரிசல்களும் ஃபைபர் பரிசல்களும் ஒகேனக்கல், மேட்டூர், பவானிசாகர் நீர்ப்பரப்புகளில் மிதக்கின்றன.

எங்கள் மலைக்கும் பவானிசாகருக்கும் நீரால் அமைந்த உறவு ஒன்று உண்டு. எமரால்டு, அவலாஞ்சி நீர்த்தேக்கங்களின் நீர் குந்தா மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டு, பில்லூரைக் கடந்து, பவானியாகி, 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையைச் சென்றடைகிறது. அந்நீரைப் பின்தொடர்ந்தவர்கள்போல நாங்கள் இருவரும் மலையிறங்கி, அணைப்பக்கம் பல ஆண்டுகளாகப் பரிசலில் மீன்பிடிக்கும் முதியவர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் நண்பரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை. “அண்ணா எத்தனை கிலோ இருப்பீங்க?” என்று மட்டும் கேட்டார். அரிசி மூட்டையின் எடையைக் கேட்பதுபோல் இயல்பாக இருந்தது அக்கேள்வி. நண்பரும் மறைக்காமல் விடை சொன்னார். நெடுநாள் கட்டிக் காத்த சுமையொன்று அவ்விடத்திலேயே இறங்கிவிட்டது என்பதை அவர் முகம் காட்டியது.

முதியவர் கணக்குப் போட்டார். பரிசலில் பெரியவர், துடுப்புப் போடுபவர், தூண்டில், உணவு, பரிசலின் சொந்த எடை எல்லாம் சேர்த்து 225 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீரைத் தொடும் வட்டத்தின் விட்டம் இரண்டு மீட்டரானால், ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழ்வுக்கும் அது ஏறக்குறைய 31 கிலோவைத் தாங்கும். அதாவது இவ்வளவு பாரத்துக்கும் ஏழெட்டு சென்டிமீட்டரே அமிழும். விட்டம் ஒன்றரை மீட்டராகக் குறைந்தால் சாய்வைத் தடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விகிதக் கணக்கைத் தாளில் எழுதியவன் நான். அரை மீட்டரில் என்ன வேறுபாடு என்று நண்பர் கேட்டபோது, “சின்னதுல நீங்க தும்முனாலே போதுங்க” என்று ஒரே வரியில் அதை விளக்கியவர் அவர். இம்முறை நண்பரும் சேர்ந்து சிரித்தார். கேலிக்கும் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாடு அப்போது நன்கு புலப்பட்டது.

அவர் கற்பித்த ஒழுங்குகளை, நீர்நிலைக்குச் செல்லும் எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தொகுத்துத் தருகிறேன். பரிசலில் ஏறுமுன் ஒருவர் விளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். ஏறுபவர் விளிம்பை மிதிக்காமல், குனிந்தபடி நடுவில் கால் வைக்க வேண்டும். உயர்ந்த பலகையில் அமராமல், அடித்தளத்தில் தாழ்ந்து அமர வேண்டும். உடல் தாழத் தாழப் படகு உறுதி பெறும். எவ்வளவு பெரிய மீன் கடித்தாலும் எழுந்து நிற்கலாகாது. பருத்தவர் ஒருபுறம் அமர்ந்தால் துடுப்புப் போடுபவர் எதிர்ப்புறம் அமர வேண்டும். அவர் மெலிந்தவராயின் அவர் பக்கம் ஒரு மணல் மூட்டையும் வைக்கலாம். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காற்று வீசினால் சுழன்று தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே காற்றெழுமுன் கரை சேர வேண்டும். வெள்ளம் ஓடும் ஆற்றில் இறங்கவே கூடாது. புதிய படகை முதலில் முழங்கால் அளவு நீரில் கயிற்றால் கட்டி, அமர்ந்தும் இருபுறமும் சாய்ந்தும் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது மிதவை அங்கி. நண்பர் இதற்கும் கூசினார். தமக்கேற்ற அளவு கிடைக்காது என்றார். கிடைக்கிறது, மார்பளவைச் சொன்னால்தான் கிடைக்கும். கடைசி வாரும் பூட்டும் வரை பொருந்தாத அங்கி, நீரில் விழுந்தவுடன் கழுத்துக்கு மேல் ஏறிவிடும். கொழுப்பு நீரினும் இலேசானதாகையால் பருத்த உடல் மெலிந்த உடலைவிட எளிதாக மிதக்கும் என்று நான் கூறியபோது அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைக் காண வேண்டும்! எனினும் மிதப்பது வேறு, மீண்டும் படகில் ஏறுவது வேறு. நீரில் விழுந்த பெரியவரைப் பரிசலுக்குள் இழுத்தால் பரிசலே கவிழும். விளிம்பைப் பற்றிக்கொள்ளச் செய்து கரைக்கு இழுத்து வருவதே வழி. ஆதலால் கரையை விட்டு நெடுந்தூரம் போகலாகாது. எங்கள் நீலகிரியின் ஏரிகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்நீரின் குளிர், விழுந்த நொடியிலேயே மூச்சைத் திணறச் செய்யும். தேர்ந்த நீச்சற்காரரும் நிலைகுலைவர். எந்த நீர்த்தேக்கமானாலும் அதற்குப் பொறுப்பானவர்களின் அனுமதியின்றி இறங்குவதும் முறையன்று.

நற்செய்தியை ஊன்றிப் படித்தால் இவ்வொழுங்குகள் பலவும் அங்கே மறைந்திருப்பதைக் காணலாம். ஆண்டவர் பேதுருவின் படகில் ஏறியதும் கரையிலிருந்து சற்றே தள்ளும்படிதான் முதலில் கேட்டார் என்று லூக்கா குறிப்பிடுகிறார். அன்று மீன் மிகுந்ததால் இரு படகுகளும் மூழ்கும் நிலைக்கு வந்தன. ஆகவே, பாரத்தைக் கணக்கிடும்போது பிடிபடும் மீனுக்கும் இடம் விட வேண்டும் போலும்! 1986இல் கடும் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது, ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டிய பழம்படகு ஒன்று சேற்றிலிருந்து வெளிப்பட்டது. நீளம் ஏறக்குறைய 8.27 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். பல வகை மரத்துண்டுகளால் மீண்டும் மீண்டும் பழுது பார்க்கப்பட்டிருந்த ஏழைகளின் படகு அது. அழகுக்காக அன்று, ஆள்களைத் தாங்குவதற்காக அகலமாய்ச் செய்யப்பட்டது.

நண்பர் இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஃபைபர் பரிசல் ஒன்றை வாங்கி மகள் வீட்டில் வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து ஏரிக்கரைக்கு முந்நூறு அடி நடை. மருமகன் அதைக் கவிழ்த்து முதுகில் சுமந்து செல்கிறார். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரின் இசைவும் பெற்றாயிற்று. கணவரின் உயிருக்கு அஞ்சிய அவருடைய மனைவி, அங்கியின் வார்கள் பூட்டப்பட்டுள்ளனவா என்று தாமே இழுத்துப் பார்த்தபின்தான் பரிசலைத் தள்ள விடுகிறாராம். முதல் நாள் கிடைத்தது கையளவு திலேப்பியா ஒன்று. துடுப்புக்காரருக்கு அருகில் அமர்ந்திருந்த பேரன், அன்று ஒருமுறைகூடத் தாத்தாவின் உடலைப் பற்றிப் பேசவில்லை. மீனைப் பற்றியே பேசினான்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, உங்கள் இல்லத்தில் முதியவர், பருத்தவர், கால் நொண்டுபவர், காது மந்தமானவர் யாரேனும் இருக்கலாம். திருப்பயணம் என்றும் திருமண வீடு என்றும் நாம் புறப்படும்போது, “நீங்கள் வீட்டிலேயே இருங்கள், உங்களுக்குச் சிரமம்” என்று அன்பாகச் சொல்வதுபோல் அவர்களைக் கரையில் இறக்கிவிடுகிறோம். அவர்களுக்கு ஏற்ற வண்டி எது, இருக்கை எது, படி எது என்று ஒரு கணமேனும் எண்ணிப் பார்க்கிறோமா? அவர்கள் அளவை நாம் கூசாமல் கேட்போம். அவர்களும் கூசாமல் சொல்லட்டும். ஆளைக் குறைத்துப் படகுக்குப் பொருத்த முயல வேண்டாம். படகைச் சற்று அகலமாக்குவோம்.