தூண்டிலுக்கு ஒரு சீட்டு

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

வேலையற்றவன் கையில் தூண்டில் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். என் தந்தையாருக்கு அந்தக் கேலி பொருந்தாது. வாரத்தில் ஆறு நாள் கூலி வேலைக்குப் போகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மட்டும் மூங்கில் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கீரனூரை அடுத்த ஒரு குளத்தங்கரைக்குப் புறப்படுவார். கொட்டாங்குச்சியில் மண்புழு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு பழைய பை. இவ்வளவுதான் அவருடைய கருவிகள். மீன் விழுந்தால் வீட்டில் குழம்பு. விழாவிட்டால் காற்று வாங்கிய கணக்கு.

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிறு அவருடன் நானும் சென்றிருந்தேன். நான்கு ஜிலேபி மீன்கள் பைக்குள் துள்ளிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ வந்தார் குளத்துக் காவல்காரர்.

"யோவ், குளம் ஏலம் போயாச்சுன்னு தெரியாதா? காசு கட்டுறவன் ஒருத்தன், மீன் திங்கிறவன் ஒருத்தனா?"

கழியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். மீன்களைத் தண்ணீரில் கொட்டினார். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாலைந்து பேர். என் தந்தையார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தார். வீடு நெருங்கியபோதுதான் வாய் திறந்தார்: "அம்மாகிட்டச் சொல்லாத, கண்ணு."

அன்றிரவு வீட்டில் ரசம். மீன் ஏன் இல்லை என்று அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இவ்வாண்டு துறைச் சுற்றுலாவாகக் கொடைக்கானல் சென்றோம். 1863-இல் லெவிஞ்சு என்னும் ஆங்கிலேய அதிகாரி கரை கட்டி உருவாக்கிய அந்த ஏரியின் ஓரத்தில், தொப்பி அணிந்த ஒருவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு பதைத்தது. யாராவது வந்து கழியை ஒடித்துவிடப் போகிறார்களே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. துணிந்து அருகில் சென்று கேட்டேன். அவர் சிரித்தபடி சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். மீன்வளத் துறை கொடுத்த உரிமச் சீட்டு!

நண்பர்கள் படகு சவாரிக்கு ஓடினார்கள். நான் அந்தச் சீட்டையே நினைத்துக்கொண்டு நின்றேன். இப்படியொன்றை என் தந்தையாருக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டால்?

திரும்பியதும் எங்கள் விரிவுரையாளரிடம் கேட்டேன். "முதலில் சட்டத்தைப் படி, பிறகு சீட்டைத் தேடு" என்றார். நூலகத்தில் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்தை அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு படித்தேன். சில பக்கங்களே கொண்ட சிறிய சட்டம் அது. அதன் 4-ஆம் பிரிவு, வெடி வைத்து மீன் பிடிப்பதைக் குற்றமாக்குகிறது. 5-ஆம் பிரிவு, நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. 6-ஆம் பிரிவின்படி, நிலத்தில் ஊன்றி வைக்கும் வலை, பொறி ஆகியவற்றுக்கு மாநில அரசு விதி வகுக்கலாம். குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு மீன்பிடிப்பையே நிறுத்தியும் வைக்கலாம். இதற்கும் முன்னரே, 1879-இல், வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காப்பதற்கென நீலகிரிக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அந்த மலை ஓடைகளில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனை வளர்க்க 1860-களில் பிரான்சிஸ் டே முயன்றார், கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்த மீன் அங்கே நிலைத்தது.

எல்லாம் படித்தேன். எங்கள் குளத்துக்கான சீட்டு மட்டும் எதிலும் அகப்படவில்லை. பிறகு ஓர் அலுவலகத்துக்குச் சென்று கேட்டேன். அங்கிருந்த ஓர் ஊழியர் பொறுமையாக விளக்கினார்: "தம்பி, அரசு தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஏரிக்குத்தான் அரசு சீட்டுக் கொடுக்கும். உங்கள் குளத்தின் மீன்பாசி உரிமையைக் குத்தகைக்கு விட்டாயிற்று. குத்தகைக் காலம் முடியும்வரை அங்கே அனுமதி தர வேண்டியவர் குத்தகைதாரர்தான்."

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தூண்டில் போட உரிமம் என்பது வேறு. இன்ன நீரில் இறங்க இசைவு என்பது வேறு. இங்கிலாந்தில் பதின்மூன்று வயது நிரம்பிய எவரும் ஆற்றிலோ ஏரியிலோ தூண்டில் போட அரசு உரிமம் பெற வேண்டும். அதைப் பெற்ற பின்னும் நீருக்கு உரியவரிடம் தனியே இசைவு கேட்க வேண்டும். நம் நாட்டில் சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும். ஆகவே தூண்டிலை எடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்த நீர் இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது?" என்பதே. இந்தக் கேள்வியை என் தந்தையாருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. கழியை ஒடித்தவரும் சொல்லவில்லை.

குத்தகைதாரரைப் பார்க்கப் போகலாம் என்றேன். "வேண்டாம், கண்ணு. ஒருதரம் பட்டது போதும்" என்றார் தந்தையார். நான் மட்டும் போனேன்.

கோபத்தோடு போனவன் நான். ஆனால் அவரும் கடன் வாங்கித்தான் குளத்தை எடுத்திருந்தார். கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருந்தார். முந்தைய கோடையில் தண்ணீர் வற்றிப் பாதி மீன் போயிற்று என்று சொன்னபோது அவர் குரல் இறங்கியது. இராத்திரியில் வலை போட்டுத் திருடுகிறவர்களும் இருக்கிறார்களாம். தூண்டில்காரரையும் வலைத் திருடரையும் காவல்காரர் ஒரே கண்ணால் பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் நான் வகுப்பில் படித்தது நாக்கில் வந்தது. "ஐயா, கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும் மீன். மண்புழுத் தூண்டிலில் அது சிக்குவது அரிது. எங்கப்பாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜிலேபி. அது ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாப்பதால் விரைவில் பெருகி, உங்கள் குஞ்சுகளின் இரைக்குப் போட்டியாகிவிடும். ஜிலேபியைப் பிடிப்பதில் உங்களுக்கு நட்டமில்லை" என்றேன்.

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். "காலேஜ்ல இதையெல்லாமா சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு தம்பி. தூண்டில் மட்டும்தான். வளர்ப்பு மீன் மாட்டுனா விட்டுரணும். குஞ்சு விட்ட புதுசுல வரக்கூடாது. காவக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. ஆயினும் என் தந்தையாருக்கு நான் வாங்கித் தந்த சீட்டு அதுதான்.

அடுத்த ஞாயிறு இருவரும் போனோம். காவல்காரர் எங்களைக் கண்டு தலையசைத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று ஜிலேபி விழுந்தன. நான்காவதாக ஒரு சிறிய மிருகால் மாட்டியது. என் தந்தையார் அதன் வாயிலிருந்து முள்ளைப் பதமாகக் கழற்றித் தண்ணீரில் விட்டார். காவல்காரர் பார்க்கிறாரா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரவு சாப்பிடும்போது, "கேட்டுப் பிடிச்ச மீனுக்கு முள்ளு கம்மி போலத் தெரியுது" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என்னைப்போல முதன்முதலாகப் படிக்க வந்த நண்பர்களே! நம் பெற்றோர் பல வாசல்களில் பேசாமல் திரும்பி வந்தவர்கள். சட்டம் எப்போதும் நம் பக்கமே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று படித்துச் சொல்லவாவது வீட்டுக்கு ஒருவர் வேண்டாமா?

அன்று ஒடிந்த கழியை என் தந்தையார் எறிந்துவிடவில்லை. இரண்டு துண்டுகளையும் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி எரவாணத்தில் செருகி வைத்திருந்தார். அந்த ஞாயிறு அவர் எடுத்து வந்தது அதே கழியைத்தான்.