முதலில் காது கொடுப்போம்

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளிடம், "பயப்படாதே, இயேசப்பா இருக்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவது எளிது. பிள்ளையும் தலையாட்டும். பயம் போயிருக்காது. அதை வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொண்டிருக்கும். பயத்தையும் தூக்கிக்கொண்டே ஆண்டவரிடம் போகலாம் என்று பிள்ளைக்குக் காட்டுவதுதான் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களான எங்கள் வேலை என்று நம்புகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று கொட்டத் தொடங்கிய மழை மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டரைத் தொட்டது. தாமிரபரணிக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நட்சத்திர விளக்கு கட்டிய வீடுகளுக்குள்ளும் தண்ணீர். வெள்ளம் வடிந்தபிறகும் வானம் இருண்டாலே சில பிள்ளைகளின் கண் வாசலுக்குப் போய்விடும். கூரைத் தகரத்தில் தூறல் விழுந்தால் பாட்டு பாதியில் நின்றுவிடும்.

அந்த மாதங்களில் நோவாவின் கதையை ஒதுக்கி வைத்தேன். மிருகங்கள் ஜோடி ஜோடியாகப் பேழைக்குள் ஏறும் கதையாகத்தான் சின்னவர்களுக்கு அதைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். வீட்டுக்குள் வெள்ளம் கண்ட பிள்ளையோ பேழைக்கு வெளியே நின்றவர்களைத்தான் நினைக்கும். "எங்க தெருவுல யாரு பாவம் செஞ்சா, டீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல வேண்டும்: யார் செய்த தப்புக்காகவும் வந்த மழை இல்லை, குமரிக்கடல் பக்கம் உண்டான காற்றுச் சுழற்சியால் வந்த மழை.

நான் எடுத்தது மாற்கு நான்காம் அதிகாரம். படகில் தண்ணீர் நிறைகிறது. இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள், எங்களைப் பற்றிக் கவலையே இல்லையா என்று கேட்டு அவரை எழுப்புகிறார்கள். அந்த இடத்தில் கதையை நிறுத்துவேன். அப்படி எழுப்பலாமா? எழுப்பலாம். மாற்கு சொல்லும் வரிசையில் முதலில் காற்று அடங்குகிறது. ஏன் பயந்தீர்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. மத்தேயுவில் கேள்வி முந்தி வரும். நடுங்கும் பிள்ளைகளுக்கு மாற்குவின் வரிசைதான் பொருந்தும். ஆறுதல் முந்தட்டும், பாடம் பொறுக்கும்.

கதை முடிந்ததும் ஆளுக்கொரு தாள் கொடுத்து அவரவர் படகையும் அலையையும் வரையச் சொல்வேன். ஒருத்தி அலையே வரையவில்லை, தண்ணீரில் மிதக்கும் பள்ளிப் பையை வரைந்தாள். "இயேசப்பா, என் பை போயிருச்சு. மழை பெய்தா பயமா இருக்கு" என்பதுதான் அன்றைக்கு அவள் ஜெபம். அதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. பிள்ளையின் ஜெபத்தைத் திருத்தி, பெரியவர்களின் ஜெப நடையை அதன் வாயில் வைத்தால் பயம் மறுபடி உள்ளே போய்விடும்.

பயப்படுவதே பாவம் என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு, பெரும்பாலும் பையன்கள். அவர்களுக்குக் கெத்செமனேயைச் சொல்வேன். இயேசுவே கலங்கி, கூட விழித்திருங்கள் என்று மூன்று நண்பர்களைக் கேட்டுக்கொண்ட இரவு அது.

பெற்றோருக்குச் சொல்வது சாமுவேலின் கதையும் எலியாவின் கதையும். இரவில் யாரோ கூப்பிடுவது கேட்டுச் சிறுவன் மூன்று தரம் எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். கண் மங்கிய அந்த முதியவர் ஒரு தரமும் அதட்டவில்லை. பயந்து ஓடிப்போய், சாவே மேல் என்று படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். இரவில் எழுந்து வரும் பிள்ளைக்கு வசனம் சொல்லுமுன் பசிக்கிறதா என்று கேளுங்கள், பக்கத்தில் படுக்க வையுங்கள்.

"சேட்டை பண்ணினா இயேசப்பா அடிப்பார்" என்ற பேச்சை வீட்டில் விட்டுவிட வேண்டும். பகலில் யாரைக் காட்டி மிரட்டினோமோ அவரிடமே இரவில் ஜெபிக்கச் சொன்னால் பிள்ளை எப்படிப் போகும்? வாரக்கணக்கில் தூங்காமலோ சாப்பிடாமலோ இருந்தால் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அது அவிசுவாசம் ஆகாது. லூக்காவும் வைத்தியர்தான்.

எல்லாப் பயத்தையும் ஜெபித்துப் போக்கவும் கூடாது. குறிப்பிட்ட ஒருவர் வந்தால் பிள்ளை ஒடுங்குகிறது, ஒரு வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அழுகிறது என்றால் அந்தப் பயம் உண்மையைச் சொல்கிறது. அந்த நபர் சொந்தக்காரராக இருக்கலாம், சபையில் மதிப்புள்ளவராகவும் இருக்கலாம். மன்னித்துவிடு என்று பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். பிள்ளை சொல்வதை நம்புங்கள். அந்த நபரிடமிருந்து விலக்கி வையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். அந்த எண்ணை ஒவ்வொரு ஞாயிறு பள்ளி அறையிலும் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள்.