படங் காக்கும் சிறு கருவி

மாரி காலம் வந்துவிட்டால், மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தின் அயலிலும் வங்காலையின் உவர்நிலத் தரவைகளிலும் பறவைக் கூட்டங்களைக் காணலாம். பூநாரைகள் நிரை நிரையாக நிற்கும்; ஊசிவால் வாத்துகள் நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும். வங்காலைப் பகுதி 2008ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. விடுமுறை நாட்களில் நம் மாணாக்கர் பலர் கமராவுடன் அங்கு செல்கின்றனர். அவர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “சேர், வேகமான கார்ட் ரீடர் எது?”

இக்கேள்விக்கு விடை கூறுமுன், வேகம் எதற்காக வேண்டும் என்பதைச் சற்றே சிந்திப்போம். பறக்கும் பறவையைப் படம் பிடிப்பவர், ஒரு நொடியிற் பல படங்களை எடுக்கிறார். 64 கிகாபைட் மெமரி கார்ட் ஒரு காலைப் பொழுதிலேயே நிரம்பிவிடக்கூடும். மறுநாட் காலையில் அதே கார்ட் வெறுமையாக வேண்டும். படங்களைக் கணினிக்கு மாற்றும் வேலை நீண்டுகொண்டே போனால், களைத்து வந்தவர் பொறுமை இழப்பார். நம் மாணாக்கர் ஒருவர், பாதிப் படங்களே கணினிக்குச் சென்றிருக்க, எல்லாம் முடிந்ததென்றெண்ணிக் கார்ட்டை அழித்துவிட்டார். மூன்று நாள் உழைப்பு வீணாயிற்று. ஆகவே, வேகம் என்பது ஆடம்பரமன்று. அவசரத்தால் வரும் இழப்பைத் தவிர்க்கும் ஓர் உபாயம் என்று கொள்ளல் வேண்டும்.

இனி, அந்த வேகம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். நமது மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளம் நிரம்பியிருக்கலாம். ஆயினும், வயலுக்கு எவ்வளவு நீர் பாயும் என்பதை மதகும் வாய்க்காலுமே தீர்மானிக்கின்றன. வாய்க்கால் குறுகியதாயின், மதகை அகலத் திறந்தும் பயனில்லை. மெமரி கார்ட் குளம், கார்ட் ரீடர் மதகு, கணினியின் யூ.எஸ்.பி. வாய் வாய்க்கால், படங்கள் சென்று சேரும் வன்தட்டு வயல். இந்நான்கினுள் மிக மெதுவானது எதுவோ, அதன் வேகமே முழு வேலையின் வேகம்.

கடைகளிற் பெட்டியின் மீது காணும் இலக்கங்கள் பலரை மயக்குகின்றன. யூ.எஸ்.பி. 2.0 முறைக்கு 480 என்று குறித்திருப்பது மெகாபிட் கணக்கு. கார்ட்டின் மீது காண்பதோ மெகாபைட் கணக்கு. 8 பிட் கொண்டது 1 பைட். எனவே அந்த 480, நொடிக்கு 60 மெகாபைட்டே ஆகும். நடைமுறையில் 30 முதல் 40 வரைதான் கிடைக்கும். நிரம்பிய 64 கிகாபைட் கார்ட்டை அவ்வழியாக மாற்ற அரைமணி நேரம் செல்லும். 2008இல் வந்த யூ.எஸ்.பி. 3.0 முறையில், நொடிக்கு 90 மெகாபைட் தரும் கார்ட்டிலிருந்து அதே படங்களைப் பன்னிரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, உங்கள் எஸ்.டி. கார்ட்டின் முகத்தைப் பாருங்கள். உரோம இலக்கத்தில் ஒற்றைக் கோடு இருந்தால் அது யூ.எச்.எஸ். ஒன்று, அவ்வகையின் எல்லை நொடிக்கு 104 மெகாபைட். இரட்டைக் கோடு இருந்து, பின்புறத்தில் இரண்டாவது வரிசைத் தகடுகளுங் காணப்பட்டால் அது யூ.எச்.எஸ். இரண்டு, அதன் எல்லை 312. ஒற்றைக் கோட்டுக் கார்ட் வைத்திருப்பவர், இரட்டைக் கோட்டுக்குரிய விலைகூடிய ரீடரை வாங்குவதாற் கூடுதல் வேகம் பெறார். சில ஒற்றைக் கோட்டுக் கார்ட்டுகளில் 170, 200 என்று அச்சிட்டிருப்பர். அவ்வேகம், அந்நிறுவனத்தின் தனி முறையை அறிந்த ரீடரில் மாத்திரமே கிடைக்கும்.

இரண்டாவது, கணினியின் வாயைப் பாருங்கள். யூ.எஸ்.பி. 3 வாயின் உள்நாக்கு பெரும்பாலும் நீல நிறமாயிருக்கும். அத்தகைய வாய் இல்லாத பழைய கணினியில் எந்த ரீடரும் வேகமாக ஓடாது. மூன்றாவது, வன்தட்டைப் பாருங்கள். சுழலும் தட்டுடைய பழைய வகை, நொடிக்கு ஏறக்குறைய 100 மெகாபைட்டையே ஏற்கும். இம்மூன்றையும் ஆராய்ந்தால், சாதாரண மாணாக்கருக்குப் போதுமானது யூ.எஸ்.பி. 3 முறையில் இயங்கும் எளிய கார்ட் ரீடர் என்பது விளங்கும். அதனை மூடியுள்ள பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்காற்றின் உப்பும் மணலும் உலோகத் தகடுகளுக்குப் பகை.

இவ்வாறு மிச்சமாகும் நேரத்தை என் செய்வது? இரண்டாவது பிரதி எடுங்கள் என்பதே நமது விடை. கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று. இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே கார்ட்டை அழித்தல் வேண்டும். மன்னார்த் தீவில் 2020இல் தம்பபவனி காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. காற்றாலைகளாற் பறவைகளுக்கு யாது நேரும் என்ற விவாதமும் எழுந்துள்ளது. எப்பக்கத்தார் பேசினும் சான்று வேண்டும். கமராவின் கடிகாரம் சரியாயிருந்தால், ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எடுத்த திகதியும் நேரமும் பதிந்திருக்கும். அதே படத்தை வாட்ஸ்அப்பிற் சாதாரணமாக அனுப்பினால், அது சுருங்குவதோடு அக்குறிப்புகளும் நீங்கிவிடும். மூலப் படத்தைக் காத்து வைத்த மாணாக்கரே, இத்தனையாம் ஆண்டில் இத்தனையாம் நாளில் இப்பறவை இங்கிருந்தது என்று உறுதியாகக் கூறவல்லவர்.

பறவைப் படங்களுக்குரிய இவ்விதி வீட்டுப் படங்களுக்கும் பொருந்தும். இடம்பெயர்ந்த காலத்தில் ஆல்பங்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் நம் மாவட்டத்திற் பல. தாத்தாவின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு படமேனும் இல்லாத வீடுகள் உண்டு. அன்று, இருந்த பிரதி ஒன்றே. அதனோடு எல்லாம் போயிற்று. இன்றோ, திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியில் எடுத்த குடும்பப் படத்திற்கு இன்னொரு பிரதி எடுக்கச் சில நிமிடமே போதும். அச்சில நிமிடத்தைச் செலவிட மனமில்லாதவருக்கு, எவ்வளவு வேகமான கருவியும் உதவப் போவதில்லை.